இட்லிக் கோன்

ஏப்ரல் 16, புதன்

இந்த டைரி முதலாளியம்மா மரகதம்மா கொடுத்தது. "பிளேடு மாத்துற தேதிய மட்டும் இதுல எழுது அம்சவேணி. ஊர்க்கதையெல்லாம் எழுதிப் பக்கத்த வீணாக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தார். சரி, எழுதியாயிற்று: இன்று காலை பிளேடு மாற்றினேன். பாக்கிப் பக்கத்தில் ஊர்க்கதை எழுதினால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

நான் ஓட்டுவது செனில் மெஷின். கம்பளிப்பூச்சி மாதிரி உடம்பெல்லாம் முடியோடு ஒரு நூல் இருக்குமே, அதைச் செய்கிற மெஷின். மேலே ஒரு தலை கிறுகிறுவென்று சுற்றி, நூலை ஒரு சின்னத் தகட்டின் மேல் வளையம் வளையமாகப் போர்த்தும். தகட்டுக்குக் கீழே வட்டப் பிளேடு நிற்கும். வளையங்கள் இறங்கி வரவர அது நடுவில் வெட்டிக்கொண்டே இருக்கும். வெட்டின துண்டுகளை இரண்டு இழைகள் இறுக்கிப் பிடித்து, முறுக்கிக்கொண்டு பாபினில் போய்ச் சேரும். சொல்ல லேசு. பிளேடு கொஞ்சம் மழுங்கினால் போதும், பாதி வளையம் வெட்டுப்படாமல் தொங்கும். நூல் சொறி பிடித்த நாய் வாலாகிவிடும்.

மரகதம்மா இந்த மெஷினைப் பழசாக வாங்கிப் போட்டிருக்கிறார். இங்கே எல்லோருக்கும் செனில் புதுசு, முதலாளியம்மா உட்பட. சோபாவின் மேல் போடும் விரிப்பு, கத்தரிப்பூ நிறம், முதல் ஆர்டர். மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு ஏற்றுமதிக் கம்பெனி ஆள் வந்து சரக்கைப் பார்ப்பார். பாஸ் ஆனால் மெஷின் இங்கேயே நிற்கும், நானும் நிரந்தரம். இல்லாவிட்டால் பானிபட்டுக்காரர் ஒருவர் மெஷினைக் கேட்டு வைத்திருக்கிறார், ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நான் பஸ் ஏறி வெள்ளகோவிலில் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

போகமாட்டேன். சாமி சத்தியமாகப் போகமாட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

என் நூலை நெய்யப்போகிறவர் பெயர் நல்லசிவம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட்டுகிறார். நாற்பத்து நாலு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதை நான் விசாரிக்கவில்லை. சரக்குப் பார்க்கும் பேபியக்கா எல்லோருடைய ஜாதகத்தையும் கேட்காமலே சொல்லும்.

"தறி ஓட்டுற மாப்பிள்ளைன்னா எவன் பொண்ணு குடுக்கறான்? புரோக்கருக்கு மோர் ஊத்தி ஊத்தியே அவங்கம்மா போய்ச் சேந்துருச்சு" என்றது அக்கா.

அந்த மனுஷர் காதுபடவே சொன்னது. அவர் சிரித்துக்கொண்டே, "மோர் மட்டுமில்லீங்க்கா, தயிர்வடையும் போட்டோம்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கெடுத்தாலும் சிரிக்கும் ஆண்களை எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 20, ஞாயிறு

துணி துவைத்தேன். அரிசி களைந்து வைத்தேன். ஞாயிறு தவறாமல் வரும் அண்ணன் போன் வந்தது.

"என்ன அம்மிணி, சாப்டியா? ஒரு பொம்பள தனியா ரூம் எடுத்து இருக்கறதெல்லாம் நம்ம வழக்கத்துல உண்டா? உங்கண்ணியோட அம்மா, நம்ம அத்தை, விழுந்து இடுப்பு நகரமாட்டேங்குது. நீ வந்தா வூட்டுக்கு ஒத்தாச. உனக்கும் ஒரு பாதுகாப்பு."

ஈஸ்வரமூர்த்தி அண்ணன் கெட்டவர் இல்லை. என் கல்யாணத்தை முடித்தவர் அவர்தான். வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னார்கள். அந்த ஆள் சரியில்லை என்று தெரிந்ததும், கல்யாணத்தைத் தீர்த்துக் கூட்டி வந்தவரும் அவர்தான். அதையும் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள். பிறகு அவர் வீட்டுச் சமையல்கட்டில் என் காலம் போனது. ஒருநாள்கூட என்னைத் திட்டியதில்லை. என்ன குழம்பு வைக்கட்டும் என்று நான்தான் எல்லோரையும் கேட்பேன்.

"இந்த ஆர்டர் பாஸ் ஆகட்டுமுங்கண்ணா. ஆகலீன்னா நானே வந்தர்றேன்" என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று மானம் போனது.

பாபினில் சேர்ந்த நூலை நான்தான் கோனில், அதாவது தறிக்குப் போகிற கூம்பு அட்டையில், சுற்றவேண்டும். அந்தச் சுற்றும் மெஷின் அரதப் பழசு. இறுக்கமாகப் பிடித்தால் முடி கொட்டுகிறது, தளர்த்தினால் கோன் தொளதொளவென்று சரிகிறது. மரகதம்மா ஒரு கோனைக் கையில் எடுத்து, தறிக்காரர்கள், பேபியக்கா எல்லோரும் பார்க்க அமுக்கினார்.

"இது கோனா, இட்லியா? இதை வெச்சு எவன் தறி ஓட்டுவான்? இப்படியே போனா ஆர்டர் வரைக்கும் எதுக்கு, நாளைக்கே அந்தப் பானிபட்டு ஆளுக்குப் போன் போட்டர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் பேசியிருந்தால் வேலை இன்றோடு போயிருக்கும். நல்லசிவம் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எதையோ யோசித்தார். அவருக்கென்ன, யோசிக்கட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

பிளேடு மாற்றினேன். சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

அதிசயம்! சாயங்காலம் கோன்களை ஆவி அறையில் வைத்துவிட்டுப் போவோம், முறுக்கு நிற்பதற்காக. இன்று காலை வந்து பார்த்தால், சனிக்கிழமை சுற்றியதில் படு மோசமாக இருந்த கோன்கள் சிக்கென்று இருக்கின்றன. ஓரம் சீவி வைத்தாற்போல் இருக்கிறது.

ஆவிதான் இறுக்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். இட்லி என்றார்களே, இட்லியும் ஆவியில்தானே வேகிறது? மரகதம்மாவிடம் சொன்னேன். "பரவால்லியே" என்றார். அந்த வாயிலிருந்து இது வந்தால் பாராட்டு விழா நடத்திய மாதிரி.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம். மரகதம்மா ஆளுக்கொரு பொட்டலம் மைசூர்பாகு கொடுத்தார். பிளேடு மாற்றினேன். அரை நாள் வேலை.

நல்லசிவம் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறார் போலிருக்கிறது. நான் வரும்போதே முகம் கழுவி, பஞ்சு தட்டி, வேலை பாதி முடிந்தவர் மாதிரி நிற்கிறார். "தூக்கம் வராதுங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன். "சேவலுக்கு முன்னால முழிச்சுக்குவனுங்" என்றார். ஒண்டிக்கட்டை, வேறு என்ன வேலை.

மைசூர்பாகு அவர் சாப்பிடவில்லை. சர்க்கரையாம். தன் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார். நல்ல மைசூர்பாகுதான்.

மே 9, வெள்ளி

பிளேடு மாற்றினேன். வேலை ஜோராகப் போகிறது. தறியில் விரிப்பு ஏறிவிட்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பூனைக்குட்டி போல இருக்கிறது.

என் கோன்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எல்லாம் அல்ல, பாதிதான் அழகாக வருகிறது; ஆனால் அந்தப் பாதியைப் பார்த்தால் புதுக் கம்பெனியில் வாங்கின மாதிரி இருக்கிறது. பேபியக்காவிடம், "கை பழகிருச்சுக்கா" என்று பெருமையடித்துக்கொண்டேன். பக்கத்தில் நல்லசிவம் இருமினார். தண்ணீர் குடியுங்கள் என்றேன்.

மே 11, ஞாயிறு

அண்ணன் போன். "அடுத்த மாசம் வண்டி எடுத்துட்டே வந்தர்றேன், உன்ற சாமானெல்லாம் ஏத்தோணுமல்ல" என்றார். ஆர்டர் பாஸ் ஆகாது என்று அவரே முடிவு பண்ணிவிட்டார்.

மே 15, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் சுருள் துணியைச் சரக்குப் பார்க்கிற மேசையில் விரித்தார்கள். குறுக்கே பட்டை பட்டையாக இருக்கிறது. கொஞ்ச தூரம் வெளிறின கத்தரிப்பூ, அப்புறம் ஒரு பட்டை கருத்த கத்தரிப்பூ, மறுபடி வெளிறல். அணில் முதுகு தோற்றுப்போகும். ஒரே லாட் நூல், ஒரே சாயம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

மரகதம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 16, வெள்ளி

சாயக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நூலைப் பிரித்துப் பார்த்து, என் சாயத்தில் பழுதில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு என் பிளேடு மழுங்கியிருக்கும் என்றார்கள். டைரியைக் கொண்டுபோய்க் காட்டினேன், பிளேடு மாற்றின தேதி வரிசையாக இருக்கிறது. (ஊர்க்கதைப் பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டேன்.)

கோபம் பூராவும் நல்லசிவத்தின் மேல் பாய்ந்தது. நேரே தறிக்குப் போனேன்.

"உங்க தறிதானுங்க கோளாறு. ஒரு இடத்துல இறுக்கி அடிச்சு ஒரு இடத்துல தளத்தி அடிச்சா பட்டை வுழாம என்ன பண்ணும்?"

"தறியில கோளாறு இல்லீங். நானும் ரெண்டு தடவ பாத்துட்டனுங்."

"அப்ப எங்கோளாறா? சொல்லுங்க, எல்லாரும் சேந்து சொல்லுங்க!"

தறிச் சத்தத்தை மீறிக் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "கோன் மாத்துற எடத்துலதான் பட்டை மாறுதுங்க. அதான் எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.

மே 17, சனி

பானிபட்டுக்காரரின் ஆள் வந்து மெஷினை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். என் உதட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதோடு போட்டோவில் விழுந்திருப்பேன்.

மே 19, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! நானும் பேபியக்காவும் சண்டை போட்டதில் கண்டுபிடித்தது.

கரண்ட் போய்விட்டது. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று துணியை வாசலுக்குத் தூக்கிப்போனோம். ஒரு ஓரம் என் கையில், எதிர் ஓரம் அக்கா கையில்.

"இந்தா, உன் முழங்கைக்கு நேரா இருக்கற கருத்த பட்டையப் பாரு" என்றது அக்கா.

"அது வெளிறின பட்டைக்கா. கருத்தது அதுக்கு அடுத்தது."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? எது கருப்பு எது வெள்ளைன்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு கண்ட்ராவி கலரு பாத்த கண்ணுடி இது."

"உங்களுக்குத்தான்க்கா புரை விழுந்திருக்குது."

துணியைக் கீழே போட்டுவிட்டு இருவரும் சண்டை பிடித்தோம். "இங்க வந்து பாரு!" என்று அக்கா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. போய்ப் பார்த்தேன். சரிதான். அங்கிருந்து பார்த்தால், நான் வெளிறல் என்று சொன்னது கருப்பாக இருந்தது. மறுபடி என் பக்கம் ஓடினேன். கருப்பு வெளிறிவிட்டது. இரண்டு பேரும் சரி!

நிறத்தில் ஒன்றுமே இல்லை. முடி படுத்திருக்கிற பக்கம்தான் வேறு. உள்ளங்கையால் ஒரு பட்டையை இடமிருந்து வலமாகத் தடவினேன், வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த பட்டையை அதே போலத் தடவினேன், சுணை சுணையாகக் கையைத் தடுத்தது. மாட்டை வாலிலிருந்து தலைக்குத் தடவினாற்போல. சில கோன்களில் நூல் தலைகீழாக வந்திருக்கிறது.

நான் எல்லாப் பாபினையும் ஒரே மாதிரி, ஒரே தடவைதான் சுற்றுகிறேன். தலைகீழாக ஆகவேண்டும் என்றால் யாரோ அந்தக் கோன்களை இன்னொரு தடவை திருப்பிச் சுற்றியிருக்கவேண்டும்.

யார்?

மே 20, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தறிப்பக்கம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "என்ற கோனை யாரு தொட்டது?"

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நல்லசிவம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார்.

"நாந்தானுங்க."

"எதுக்குங்க?" என்றேன்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் அம்மா உங்கள அப்படிப் பேசிட்டாங்க. மனசுக்கு ஒரு மாதிரியா போச்சுங்க. எங்க பக்கத்து மெஷின்ல சுத்துனா கோன் நல்லா நிக்கும். காத்தால வெள்ளனே வந்து, ரொம்ப மோசமா இருந்தத மட்டும் திருப்பிச் சுத்தி வெச்சனுங். காட்டன் நூல எத்தன தடவ சுத்துனாலும் ஒண்ணும் ஆகாது. இதுல முடி திரும்பிக்கும்னு எனக்குத் தெரியலீங்."

ஆவி இறுக்கியது என்றேனே. கை பழகிவிட்டது என்றேனே. அழகாக இருந்ததெல்லாம் அவருடையது. இட்லி எல்லாம் என்னுடையது. நான் பெருமையடித்தபோது பக்கத்தில் நின்று இருமினாரே, அந்த இருமல் இப்போது காதில் கேட்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"உங்கள யாருங்க கேட்டா? நானு கேட்டனா? எனக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? இப்ப என்ற பொழப்பே போச்சு!"

"போவாதுங்க. நானே போயி அம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"நீங்க ஒண்ணும் எனக்காகச் சொல்லவேண்டாம்!"

ஆனால் அவர் போய்ச் சொல்லிவிட்டார். தன்னை நிறுத்திவிடச் சொன்னாராம். மரகதம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அவன நிறுத்திட்டு விரிப்ப யாரு நெய்யறது, எங்கப்பனா? நீயே சொல்லு, என்ன பண்றது?"

என்னிடமா கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"இருக்கற அழகுக் கோனையெல்லாம் இன்னொருக்காத் திருப்பிச் சுத்துனா முடி நேராயிருமுங்க. நெய்ஞ்சது நெய்ஞ்சதுதான், அது போச்சு. அதுக்கு ஈடா நானு புதுசா நூல் போட்டுத் தர்றேன். திருவிழாவுக்கு லீவு வேண்டாம், பட்டறைச் சாவிய மட்டும் குடுங்க."

மே 21, புதன்

பிளேடு மாற்றினேன். நல்லசிவத்தோடு பேசவில்லை.

மே 22, வியாழன்

பேசவில்லை. திருப்பிச் சுற்றவேண்டிய கோன்களை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கோன் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, முடி எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைக்கிறார். மறுபடி இறுக்கிச் சுற்றப் பயம் போலிருக்கிறது. ஆமை வேகத்தில் சுற்றுகிறார். நான் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மே 26, திங்கள்

ஊரே மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி, மஞ்சள் தண்ணீர். தெருவில் மேளத்தோடு அக்கினிச்சட்டி போகிறது. எங்கள் பட்டறையில் மூன்றே பேர். நான் செனிலில், நல்லசிவம் தறியில், பேபியக்கா மாவிளக்கு எடுத்துவிட்டு வந்து மேசையில்.

மதியம் நல்லசிவம் ஒரு தூக்குப்போசி மோரோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"மோர் கொண்டாந்தனுங். குடுக்கலாமுங்களா?"

பேபியக்கா களுக்கென்று சிரித்தது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"குடுங்க" என்றேன். குடித்த பிறகு சொன்னேன்: "எனக்கு நல்லது பண்ணோணும்னுதான் பண்ணீங்க. தெரியுது. ஆனா எனக்கு நல்லது பண்றவங்கெல்லாம் எனக்குத் தெரியாமத்தான் பண்றாங்க. அப்பறம் அது எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு நாந்தான் பாத்துச் சரிபண்ண வேண்டியிருக்குது. எனக்குச் சலிச்சுப்போச்சுங்க."

"தப்புத்தானுங்க" என்றார். வேறு சாக்குச் சொல்லவில்லை. நான் பார்த்த ஆண்களில் 'தப்புத்தான்' என்று சொல்லிவிட்டு 'ஆனா' போடாதவர் இவர் ஒருவர்தான்.

மே 28, புதன்

மாரியம்மன் கோயிலில் நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஆற்றுக்குக் கொண்டுபோகிற நாள். வாணவேடிக்கைச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வெளிச்சத்தைப் பார்க்க மாடிக்குக்கூடப் போகவில்லை, நூல் தீர்ந்துவிடக்கூடாது. கடைசிப் பாபின் இறங்கியது. உள்ளங்கையெல்லாம் கத்தரிப்பூ நிறப் பஞ்சு.

ஜூன் 2, திங்கள்

ஏற்றுமதிக் கம்பெனி ஆள் காலையிலேயே வந்துவிட்டார். அவர் செருப்பைக் கழற்றுகிற அதே நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. ஈஸ்வரமூர்த்தி அண்ணன்! சாமான் ஏற்றுவதற்குச் சின்ன லாரி, டிரைவர், கயிறு எல்லாமே கொண்டு வந்திருந்தார். பட்டை விழுந்த செய்தி யார் சொல்லியோ போய்விட்டது.

"வேலை முடியட்டுமுங்கண்ணா" என்று சொல்லி, நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

கம்பெனி ஆள் துணியை விரித்து விரித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். நல்லசிவம் தறியை நிறுத்திவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரகதம்மா உதடு அசைந்துகொண்டே இருந்தது, மாரியம்மனைத்தான் கூப்பிட்டிருப்பார். கடைசியில் கம்பெனி ஆள் ஒரு விரிப்பைத் தோளில் போட்டுப் பார்த்து, "நல்லா வந்திருக்குங்க. ரெண்டு பீஸ் ஓரம் பிசிறு, அதை ஒதுக்கிருங்க. மத்ததை பேக் பண்ணலாம்" என்றார்.

பேபியக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தது. மரகதம்மா, "சரி சரி, ஆட்டம் போதும், பேக்கிங்கைப் பாருங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். "நீ நாளைக்கு வந்து ஆபீஸ்ல பேரு பதிஞ்சுக்க" என்று என்னிடம் சொன்னார்.

அண்ணனிடம் போனேன். "பாஸ் ஆயிருச்சுங்கண்ணா."

"சந்தோசம் அம்மிணி. சரி, கெளம்பு. பாஸ் ஆனா என்ன, ஆகாட்டி என்ன? வண்டி வந்துருச்சு. அங்க அத்தை உன்னத்தான் எதிர்பாத்துட்டு இருக்குது."

"நான் வர்லீங்கண்ணா."

"ஏன், நம்ம வூட்ல உனக்கு என்ன கொற? நான் ஏதாவது சொன்னனா, உங்கண்ணி ஏதாவது சொன்னாளா?"

"ஒரு கொறையும் இல்லீங்கண்ணா. நீங்க என்னைய நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. ஆனா வெச்ச எடத்துல இருக்கறதுக்கு நான் பொம்மை இல்லீங்க. கல்யாணத்துக்கு நீங்க கேக்கல. தீக்கறதுக்கும் கேக்கல. இன்னைக்கு வண்டியும் கேக்காமத்தான் வந்துது. வர்றயான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, வர்லீன்னு போன்லயே சொல்லிருப்பேன். உங்களுக்கும் டீசல் மிச்சம்."

அண்ணன் முகம் சிவந்தது. இதற்குமேல் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை நோகடிக்க எனக்கு ஆசையா என்ன? தூக்கி வளர்த்த கை அது.

"உன்னைய யாரும் கேக்கோணும்னு எனக்குத் தோணுனதே இல்ல அம்மிணி" என்றார் கடைசியில். "சின்னப்புள்ளைன்னே நெனச்சுட்டேன்."

"அத்தைக்கு ஆள் போடுங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானும் வந்து பாத்துக்கறேன். இப்ப உள்ள வாங்க, சோறு உண்டுட்டுத்தான் போகோணும்."

சாப்பிட்டார். வெறும் லாரியோடு போனார். போகும்போது, ஓரம் பிசிறியதென்று ஒதுக்கின விரிப்பில் ஒன்றை மரகதம்மா அவருக்குக் கொடுத்தார். "அத்தைக்குப் போத்தி விடுங்க" என்றேன். வண்டி திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும்தான்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பஸ்ஸில் வெள்ளகோவில் போய், அத்தையைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்டு வந்தேன். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். "அடுத்த வாரம் வர்றயா அம்மிணி, உனக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டார். கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

திரும்பி வந்து, குழாயடியில் குடத்தோடு நின்றேன். நல்லசிவம் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டையில் இஸ்திரி மடிப்பு. ஞாயிற்றுக்கிழமை இவருக்கு இந்தத் தெருவில் என்ன வேலை?

"அம்சவேணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"கேட்டா கோவிச்சுக்குவீங்களா?"

"கேட்டாத்தானுங்க தெரியும்."

சைக்கிள் ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்களக் கட்டிக்கோணும்னு எனக்கு ஆசைங்க. உங்களுக்கு இஷ்டம்னா மட்டும். யாரு மூலமாவும் சொல்லி அனுப்பலீங், பேபியக்காகிட்டக்கூடச் சொல்லலீங். இல்லீன்னு சொன்னீங்கன்னா நாளைக்கும் நூல் எடுக்க வருவேன், இதே மாதிரிப் பேசுவேன். ஒண்ணும் மாறாது."

குடம் நிரம்பி வழிந்து என் காலெல்லாம் ஈரம். குழாயை மூடினேன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"எப்பச் சொல்வீங்க?"

"அதையும் யோசிச்சுச் சொல்றேன்."

"சரிங்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. சைக்கிளில் ஏறியவர் எதிரே வந்த பால்காரர் மேல் மோதப் பார்த்தார்.

யோசிக்க என்ன இருக்கிறது? குழாயடியிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்திருக்கிறது, மைசூர்பாகு வைத்துவிட்டுப் போன நாளிலிருந்தே. ஆனால் இந்த முப்பத்தொன்பது வயதுக்கு, என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஒருவர் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கட்டும்.